ஜப்பானியர்கள் ஏன் ஆங்கிலம் படிக்கிறார்கள், படித்தும் ஏன் பேசத் தயங்குகிறார்கள்?

பள்ளிக்கூடம், வங்கி, நீதிமன்றம், முனைவர் பட்டம் எல்லாமே தாய்மொழியில் முடிந்துவிடும் நாடு ஜப்பான். அங்கே எதற்காக ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படிக்கிறார்கள்? அவ்வளவு படித்த பிறகும் தெருவில் ஒரு வெளிநாட்டுக்காரர் வழி கேட்டால் ஏன் திணறுகிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். பெரும்பாலான ஜப்பானியர்கள் ஆங்கிலத்தை மதிப்பெண்ணுக்காகப் படிக்கிறார்கள். எதற்கு மதிப்பெண் உண்டோ அதை நன்றாகவே கற்கிறார்கள். எதற்கு இல்லையோ அது வருவதில்லை. உலகமயம், ஏற்றுமதி, சுற்றுலா என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் அவை ஒரு சிறு பகுதியினருக்குத்தான் பொருந்தும்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. ஜப்பான் வெளியுலகுக்குக் கதவடைத்திருந்த காலத்தில் நாகசாகி துறைமுகத்தில் ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டுமே வணிக அனுமதி இருந்தது. ஆகவே மேற்கத்திய அறிவு முழுக்க டச்சு மொழி வழியாகத்தான் உள்ளே வந்தது. 1808-ல் ஃபேட்டன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் டச்சுக் கொடி கட்டிக்கொண்டு அந்தத் துறைமுகத்துக்குள் நுழைந்து, டச்சு ஆட்களைப் பிணை பிடித்து, உணவும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு போனது. தடுக்க முடியாத நாகசாகி ஆளுநர் மட்சுடைரா யாசுஹிதே வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிர்விட்டார். அதற்கு அடுத்த ஆண்டே, டச்சு மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலமும் கற்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. 1814-ல் முதல் ஆங்கில-ஜப்பானிய அகராதி தயாரானது. ஆங்கிலப் படிப்பு அங்கே பாதுகாப்புப் பிரச்சினையாகத்தான் தொடங்கியது.

1853-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் வந்தன. 1859-ல் யோகோஹாமா துறைமுகம் திறந்தது. ஒசாகாவில் ஆண்டுக்கணக்கில் டச்சு படித்துத் தேறியிருந்த ஃபுகுசாவா யுகிச்சி அங்கே போய்ப் பார்த்தார். கடைப் பலகைகளைக்கூட அவரால் படிக்க முடியவில்லை. ஊர் திரும்பியதும் ஆங்கிலத்துக்கு மாறினார். கெயோ பல்கலைக்கழகத்தை நிறுவியவர் அவரே. பேரரசர் மெய்ஜியின் ஆட்சித் (1868–1912) தொடக்கத்தில் உயர்கல்விக்கு ஆங்கிலம் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. சம்பளத்துக்கு வந்த வெளிநாட்டு ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் பாடம் நடத்தினார்கள். பாடநூலும் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

பிறகு நடந்ததுதான் முக்கியம். இரண்டு தலைமுறைக்குள் அந்தப் படிப்பை முழுக்க ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கலைச்சொற்கள் உருவாகின, பாடநூல்கள் எழுதப்பட்டன, வெளிநாட்டு ஆசிரியர்களின் இடத்தில் ஜப்பானியர்கள் வந்தார்கள். விளைவாக மாணவர்களின் ஆங்கிலம் இறங்கியது. அரசு செலவில் லண்டனுக்குப் போய் ஆங்கிலம் படித்துவந்த நாவலாசிரியர் நட்சுமே சோசெகி 1911-லேயே இதைப் பற்றி எழுதினார். கல்வி சரியாக வளர்ந்ததால் வந்த இயல்பான விளைவு இது என்பது அவர் கட்சி. எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் படிப்பது, பிரிட்டனுக்கு அடங்கிய இந்தியாவின் நிலை போலத் தோன்றுகிறது என்றும் சொன்னார். நமக்குச் சற்று உறைக்கிற வரிதான். ஆனால் ஜப்பானின் ஆங்கிலம் ஏன் நம் ஆங்கிலம் போல இல்லை என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் கிடைக்காது.

நூறு ஆண்டு கழித்தும் நிலைமை அதுவே. 2008-ல் இயற்பியல் நோபல் பெற்ற மசுகாவா தோஷிஹிதே, தனக்கு ஆங்கிலம் பேச வராது என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு ஸ்டாக்ஹோமில் ஜப்பானிய மொழியிலேயே உரையாற்றினார். உலகத்தரமான ஆய்வு செய்வதற்கு ஆங்கிலம் பேசத் தேவையில்லாத நாடுகள் மிகச் சிலவே. அவற்றில் ஒன்று ஜப்பான்.

அப்படியானால் ஆங்கிலம் எங்கே போய் உட்கார்ந்தது? தேர்வுக் கூடத்தில். இதை விவரமாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

2020 முதல் தொடக்கப்பள்ளி 3, 4-ஆம் வகுப்புகளில் ஆண்டுக்கு 35 பாடவேளை ஆங்கிலம் உண்டு. அது விளையாட்டும் பாட்டும் கலந்தது, மதிப்பெண் இல்லை. 5, 6-ஆம் வகுப்புகளில் ஆண்டுக்கு 70 பாடவேளை, முறையான பாடமாக. நடுநிலைப் பள்ளியின் மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 140, அதாவது வாரம் நான்கு. தொடக்கப்பள்ளியில் பாடவேளை 45 நிமிடம், நடுநிலையில் 50 நிமிடம். கூட்டிப் பார்த்தால் 15 வயதுக்குள் ஏறத்தாழ 500 மணி நேரம் வருகிறது. ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகள் ஜப்பானிய மொழியில் தேற 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிலையத்தின் கணக்கு. அதில் ‘கான்ஜி’ எனப்படும் சீன வழி எழுத்துகளைக் கற்கும் சுமையும் உண்டு என்பதால் அப்படியே திருப்பிப் போட முடியாது. ஆனாலும் 500 மணி நேரத்தில் சரளமான பேச்சை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதற்கு அந்த எண் போதும்.

வேடிக்கை என்னவென்றால், 2002 வரை நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் சட்டப்படி விருப்பப் பாடம்தான். நடைமுறையில் ஏறக்குறைய எல்லோரும் படித்தார்கள். உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் இருந்ததே காரணம். கட்டாயப்படுத்தியது சட்டமல்ல, தேர்வு.

15 வயதில் வரும் அந்த நுழைவுத் தேர்வு, பிறகு 18 வயதில் பல்கலைக்கழகத் தேர்வு. இந்த இரண்டுக்கும் நடுவே ஜுகு எனப்படும் டியூஷன் நிலையங்கள். கலை, அறிவியல் எந்தப் பிரிவுக்குப் போனாலும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் கேட்கப்படும். பொறியியலுக்குப் போகிறவருக்கு வரலாறு இல்லாமல் போகலாம், இலக்கியத்துக்குப் போகிறவருக்கு இயற்பியல் இல்லாமல் போகலாம். ஆங்கிலம் இருவருக்கும் பொது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அளவுகோலில் வரிசைப்படுத்த வசதியான பாடம் என்பதால் அதன் எடை கூடிக்கொண்டே போயிற்று.

2021 ஜனவரியில் தொடங்கிய பல்கலைக்கழகப் பொதுத் தேர்வில் படித்தலுக்கு 100, கேட்டலுக்கு 100 மதிப்பெண். அதற்கு முன்பிருந்த தேர்வில் எழுத்துத்தாள் 200, கேட்டல் 50. புதிய படித்தல் தாளில் உச்சரிப்பு, இலக்கணம் என்ற தனிக் கேள்விகள் எடுக்கப்பட்டு எல்லாமே வாசிப்புக் கேள்விகளாகின. 80 நிமிடத்தில் 5,000 சொற்களுக்கு மேல் படித்து விடையளிக்க வேண்டும். இதில் தடுமாறும் மாணவருக்குப் பெரும்பாலும் இலக்கணம் தெரியாமல் இருப்பதில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துக்குள் ஜப்பானிய மொழிக்கு மாற்றிப் படிப்பதால் நேரம் போதாமல் போகிறது.

அந்தப் பழக்கத்தின் பெயர் யாகுதொகு, மொழிபெயர்த்துப் படித்தல். இது நேற்று வந்ததல்ல. சீனச் செவ்வியல் நூல்களில் சொற்களுக்கு அருகே சிறு குறிகள் இட்டு, வரிசையை மாற்றி, ஜப்பானிய வாக்கியமாகவே வாசிக்கும் மரபு பல நூற்றாண்டுகளாக இருந்தது. அதே உத்தியை டச்சுக்கும் பிறகு ஆங்கிலத்துக்கும் பயன்படுத்தினார்கள். ‘ஐ நோ த மேன் ஹூ லிவ்ஸ் இன் கியோட்டோ’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் கடைசிக்குப் போய் ‘கியோட்டோவில்’ என்று தொடங்கி, ‘வசிக்கிற’, ‘அந்த மனிதரை’ என்று பின்னோக்கி வந்து, ‘தெரியும்’ என்று முடிப்பார். தமிழிலும் இதே வரிசைதான் என்பதால் நமக்கு இது உடனே விளங்கும்.

இந்த முறையை எளிதாகக் குறை சொல்லிவிடலாம். ஆனால் மேற்கின் சட்டம், மருத்துவம், பொறியியல் அனைத்தையும் சில பத்தாண்டுகளில் ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்த கருவி இதுதான். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் தனித்தேர்வில் கனமான ஆங்கிலப் பத்தியை ஜப்பானியத்துக்கு மாற்றும் கேள்விகள் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. அதை நன்றாகச் செய்கிறவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கோளாறு காதுக்கு வரும்போதுதான் தெரிகிறது. கண் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்த் திரும்பி வரலாம், காது வர முடியாது. கேட்டுக்கொண்டே வரிசையை மாற்ற முயல்கிறவர் முதல் வாக்கியத்தைப் பிரித்து முடிப்பதற்குள் மூன்றாவது வாக்கியம் ஓடிவிடும்.

இதற்கு மாற்றாகப் பயிற்சி நிலையங்களில் சொல்லித் தருவது சாய்கோட்டு வாசிப்பு. அர்த்தம் பிரியும் இடத்தில் கோடு போட்டு, ‘எனக்கு அந்த மனிதரைத் தெரியும் / அவர் வசிக்கிறார் / கியோட்டோவில்’ என்று வருகிற வரிசையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு ஒலிப்பயிற்சி. ஒரு நிமிட அளவுள்ள ஒலிப்பதிவை முதலில் பனுவல் பார்க்காமல் கேட்பது. பிறகு பனுவலைத் திறந்து பிடிபடாத இடங்களைக் குறிப்பது. பனுவலைப் பார்த்தபடி ஒலியோடு சேர்ந்து வாசிப்பது. கடைசியில் பனுவலை மூடிவிட்டு, ஒலிக்கு அரை நொடி பின்னால் நிழல் போலத் தொடர்ந்து சொல்வது. பலர் முதல் மூன்று படிகளைத் தாண்டிக் குதித்து நேரே நான்காவதுக்குப் போகிறார்கள். பொருள் புரியாத ஒலியை வாய் மட்டும் முணுமுணுக்கும். வாரக்கணக்கில் செய்தாலும் ஒன்றும் நகராது.

ஒலி அமைப்பும் தன் பங்குக்கு இடைஞ்சல் செய்கிறது. ஜப்பானிய மொழியில் உயிர் ஐந்துதான். மெய்க்குப் பின் பெரும்பாலும் உயிர் வந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே அசையான ‘ஸ்ட்ரைக்’ அங்கே ‘சு-தொ-ரா-இ-கு’ என்று ஐந்து தட்டாக நீளும். ரகரமும் லகரமும் ஒரே வரிசையில் அடங்கிவிடும். தொடக்கநிலைப் புத்தகங்களில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே கதகானா எனப்படும் ஜப்பானிய எழுத்தில் வாசிப்பு போட்டுவிடுவார்கள். பிள்ளை அதைத்தான் படிக்கும், ஆங்கில எழுத்தைப் பார்க்காது. அப்படிப் பதிந்த உச்சரிப்பு ஆங்கிலேயருக்கும் புரியாது, ஆங்கிலேயர் சொல்வதும் பிள்ளைக்குப் பிடிபடாது. வளர்ந்த பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

இலக்கணம் வெகுதூரம் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின் ஒட்டுவது, பெயருக்கு முன் வரும் ‘ஏ’, ‘த’ போன்ற சொற்கள் இல்லாதது எல்லாம் உண்மையே. ஆனால் இதில் தமிழும் ஏறத்தாழ அதே தொலைவில்தான் நிற்கிறது. சென்னைக்காரருக்கு ஆங்கிலம் வாயில் வருகிறது என்றால் அவருக்குக் கல்லூரி, அலுவலகம், அடுத்த மாநிலத்துக்காரரோடு பேச்சு எல்லாவற்றிலும் அது வேண்டியிருக்கிறது. ஒசாகாக்காரருக்கு ஒன்றிலும் வேண்டியதில்லை. இலக்கணத் தொலைவுக்கு மேல் இந்த வேறுபாடுதான் எடை கூடியது என்பது என் கருத்து.

பேச்சுக்காக அரசு முயற்சியே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1987-ல் ஜெட் என்ற திட்டத்தில் 4 நாடுகளிலிருந்து 848 இளைஞர்களை அழைத்து, பெரும்பாலோரைப் பள்ளிகளில் துணை ஆசிரியர்களாக வைத்தார்கள். அது இன்றும் நடக்கிறது. ஆனால் பல பள்ளிகளில் அந்தத் துணை ஆசிரியருக்குக் கிடைக்கும் வேலை பாடத்தை உரக்க வாசித்துக் காட்டுவதுதான். 40 பேர் வரை இருக்கும் வகுப்பில் 50 நிமிடத்தை ஆளுக்கொரு பங்காகப் பிரித்தால் ஒரு நிமிடம் சொச்சம் வரும். இருவர் இருவராகப் பேசவிடுவது ஒன்றே வழி. தேர்வு நெருங்கினால் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே.

வேலைக்குப் போன பிறகும் மதிப்பெண் விடாது. 1979-ல் ஜப்பானியர்களின் முன்முயற்சியில் அமெரிக்கத் தேர்வு நிறுவனம் உருவாக்கிய டோயிக் தேர்வுதான் நிறுவன உலகத்தின் அளவுகோல். 2 மணி நேரம், 200 கேள்வி, 10 முதல் 990 வரை மதிப்பெண். கேட்டல் 100 கேள்விக்கு 45 நிமிடம், படித்தல் 100 கேள்விக்கு 75 நிமிடம். பேச்சும் எழுத்தும் தனித் தேர்வு. அதை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. வேலை விண்ணப்பத்தில் 600 இருந்தால் எழுதலாம், 730 இருந்தால் வெளிநாட்டுப் பணிக்குப் பெயர் அடிபடும், 860-க்கு மேல் போனால் மரியாதை என்பது பொதுவான கணக்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

தோற்பவர்கள் தோற்பது பெரும்பாலும் கடைசிப் பகுதியில். படித்தலின் ஐந்தாம் பகுதியில் 30 கோடிட்ட இடக் கேள்விகளை 10 நிமிடத்தில், அதாவது கேள்விக்கு 20 நொடியில் முடித்தால்தான் ஏழாம் பகுதியின் 54 கேள்விகளுக்கு 55 நிமிடமாவது மிஞ்சும். இலக்கணக் கேள்வியில் ஒரு நிமிடம் யோசித்தவர் கடைசியில் பத்து இருபது கேள்விகளைப் படிக்காமலே வட்டங்களைக் கறுப்பாக்கிவிட்டு வருவார். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் அதுவும் ஓர் உத்தி. தேர்வர்கள் அதை வண்ணம் தீட்டுதல் என்று கேலியாகச் சொல்வார்கள். 800 வாங்கியவர் கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். அவர் வாயை யாரும் சோதிக்கவே இல்லை.

உண்மையான தேவை இருக்கும் இடங்களும் உண்டு. பன்னாட்டு வணிகம் செய்யும் பெருநிறுவனங்கள், வாகன உதிரிபாகத் தொழில், விமானப் போக்குவரத்து, ஆய்வுக்கூடங்கள். தாய்லாந்திலோ நம் ஒரகடத்திலோ ஆலை வைத்திருக்கும் நிறுவனத்தின் பொறியாளருக்கு, இருவருக்குமே தாய்மொழி அல்லாத ஆங்கிலம்தான் பேச்சு வழி. ரகுடென் என்ற இணைய வணிக நிறுவனத்தின் தலைவர் மிகிதானி 2010-ல் அலுவலக மொழியை ஆங்கிலமாக்கப் போவதாக அறிவித்து, 2012 ஜூலையில் முழுமையாகச் செய்தார். அதே 2010-ல் ஹோண்டாவின் தலைவர், ஜப்பானியர்கள் மட்டுமே கூடும் இடத்தில் ஆங்கிலம் பேசுவது முட்டாள்தனம் என்றார். ஐந்தாண்டு கழித்து, 2020-க்குள் வட்டாரங்களுக்கிடையிலான கூட்டங்களும் ஆவணங்களும் ஆங்கிலத்துக்கு மாறும் என்று ஹோண்டாவும் அறிவித்தது. விற்பனையில் பெரும்பங்கு வெளிநாட்டில் இருக்கும் நிறுவனத்துக்கு வேறு வழியும் இல்லை.

சுற்றுலாவும் வளர்ந்துவிட்டது. 2013-ல் முதன்முறை ஒரு கோடியைத் தாண்டிய வெளிநாட்டுப் பயணிகள் 2024-ல் 3 கோடியே 68 லட்சத்துக்கு மேல். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் கொரியா, சீனா, தைவான்காரர்கள். விடுதி வரவேற்பாளருக்கு வேண்டியதும் சில நூறு வாக்கியங்களே. அதற்குப் பத்தாண்டுப் படிப்பு தேவையில்லை.

பேசவே விரும்புகிறவர்கள் பள்ளிக்கு வெளியே போகிறார்கள். ரயில் நிலைய வாசல்களில் இருக்கும் எய்கைவா எனப்படும் பேச்சு ஆங்கிலப் பள்ளிகள் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தன. அவற்றில் மிகப்பெரியதான நோவா 2007-ல் நொடித்துப்போனபோது, பாடங்களுக்கு மொத்தமாக முன்பணம் கட்டியிருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். இப்போது பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களோடு இணையத்தில் 25 நிமிடப் பாடம் என்பது பரவலாகிவிட்டது. கட்டணம் மிகக் குறைவு. இதிலும் ஒரு பள்ளம் உண்டு: ஒவ்வொரு முறையும் புது ஆசிரியரை எடுப்பவர் 25 நிமிடத்தையும் தன் பெயர், ஊர், பொழுதுபோக்கு சொல்லியே கழிப்பார். ஆறு மாதத்துக்குப் பிறகு அறிமுக உரை மட்டும் அருமையாக வரும். முதல் நாளே ஒரு தலைப்பு எடுத்து, ஒரே ஆசிரியரோடு, திருத்தங்களை எழுதி வைத்து மறுமுறை அதையே பேசுகிறவருக்குத்தான் பலன்.

பேச்சுக்கும் மதிப்பெண் கொடுத்தால் மாறாதா என்ற எண்ணம் அரசுக்கும் வந்தது. பல்கலைக்கழக நுழைவுக்குப் பேச்சும் எழுத்தும் சோதிக்கும் தனியார் தேர்வுகளைப் பயன்படுத்தத் திட்டமிட்டார்கள். 1963 முதல் நடக்கும் எய்கென் தேர்வும் அவற்றில் ஒன்று. கிராமத்துப் பிள்ளை எந்த ஊருக்குப் போய் எழுதுவது, கட்டணம் யார் தருவது என்று எதிர்ப்பு கிளம்பியது. அவரவர் வசதிக்கேற்பப் போட்டியிடட்டும் என்ற பொருளில் கல்வி அமைச்சர் பேசியது எண்ணெய் ஊற்றியது. 2019 நவம்பர் 1 அன்று திட்டம் நிறுத்தப்பட்டது.

உயர்நிலைப் பள்ளி நுழைவில் டோக்கியோ தனிவழி போனது. 2022 நவம்பரிலிருந்து நடுநிலைப் பள்ளியின் கடைசி ஆண்டு மாணவர்களுக்குப் பேச்சுத் தேர்வு நடக்கிறது. மாணவர் ஒலிவாங்கியுள்ள ஹெட்போனை மாட்டிக்கொண்டு கைக்கணினியில் பேச வேண்டும். பேச்சு பதிவாகி, பிறகு திருத்தப்படும். ஏ முதல் எஃப் வரை ஆறு தரம். ஏ வாங்கினால் 20 மதிப்பெண், ஒவ்வொரு தரத்துக்கும் நான்கு குறையும், எஃப் என்றால் பூஜ்யம். மாநகர உயர்நிலைப் பள்ளி நுழைவின் மொத்தம் 1,020-ல் இந்த 20-ம் அடக்கம். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழுகிறது என்று முதல் ஆண்டே புகார் எழுந்தது. தக்க காரணத்தால் எழுத முடியாதவருக்கு, எழுத்துத் தேர்வில் அவரளவு வாங்கிய மற்றவர்களின் பேச்சு மதிப்பெண்ணை வைத்து உத்தேசமாக ஒரு மதிப்பெண் போடுவதையும் பெற்றோர்கள் எதிர்த்தார்கள். அத்தனை சச்சரவுக்கும் நடுவே டோக்கியோவில் ஒன்று மாறியிருக்கிறது. படத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் கதை சொல்வது, ஒரு கருத்தைச் சொல்லி அதற்குக் காரணம் தருவது என்ற இரண்டுக்கும் ஜுகுக்கள் இப்போது தனி வகுப்பு நடத்துகின்றன.